50 மீட்டரில் சரி, 200 மீட்டரில் கிளிக் தீர்ந்துபோகிறது: .22க்கு எந்த ஸ்கோப் மவுண்ட்?

வெண்ணிலா, தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்துப் பழகியவள் நான். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. ஞாயிறுதோறும் சங்கத்துக்குப் போகிறேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமில்லை, துளைக்குறி மட்டும்தான். அந்தப் பயிற்சியை நான் விடவில்லை. ஆனால் சில மாதங்களாக நகரத்துக்கு வெளியே ஒரு தளத்தில், மேசைமேல் மணல்பை வைத்து 100, 200 மீட்டர் காகித இலக்குக்குச் சுடுகிறேன். மனம் முழுவதும் இப்போது அதில்தான் இருக்கிறது.

துப்பாக்கி என் உரிமத்தில் உள்ள .22 போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு முறையும் போல்ட் கைப்பிடியைத் தூக்கி இழுத்துக் குண்டேற்றும் வகை. மேல்பகுதியில் 11 மி.மீ. டவ்டெயில் (பக்கங்கள் சரிவாக வெட்டிய) பள்ளம் இருக்கிறது, ரிங்குகளைப் பூட்டும் ரெயில் பட்டை இல்லை. ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், குழாய் 30 மி.மீ., முன்லென்ஸ் 56 மி.மீ. குமிழை ஒரு படி திருப்பும் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). மேல் கீழ் மொத்த நகர்வு 60 எம்.ஓ.ஏ. என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடித்து, டவ்டெயிலில் நேரடியாகக் கவ்வும் இரண்டு ரிங்குகளை ஒரு கடையில் வாங்கிப் பொருத்தினேன்.

50 மீட்டரில் சுழியம் வைத்துவிட்டு (குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்துவிட்டு) மேலே திருப்பினால் 76 கிளிக்கில் நின்றுவிடுகிறது. 100 மீட்டருக்கு அது போதும். 200 மீட்டரில் குண்டு 60 சென்டிமீட்டருக்கும் கீழே விழுகிறது. இப்போதைக்கு மேலே தனியாக ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டி, அதைக் குறிபார்த்துச் சமாளிக்கிறேன். இன்னொரு தொல்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50 மீட்டரிலேயே குழு (இலக்கில் விழும் குண்டுத் துளைகளின் கூட்டம்) பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது. திருகை இறுக்கினால் சரியாகிறது. பிறகு மறுபடியும் அதே கதை. போன ஞாயிறு ரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது குழாயில் நகக்கீறல் போல அரைவட்டமாக ஒரு கோடு. கண்ணாடிச் சட்டங்களைக் கையாளுகிறவள் என்பதால் அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

சங்கத்து நண்பர் ஒருவர், “பின் ரிங்குக்கு அடியில் குளிர்பான டின் தகட்டை வெட்டி வை, 200 மீட்டர் வந்துவிடும்” என்கிறார். செய்யலாமா? அல்லது ரெயில் வாங்க வேண்டுமா? வாங்கினால் எத்தனை எம்.ஓ.ஏ. சரிவு உள்ளதை வாங்குவது? ரிங் எவ்வளவு உயரம்? ஒருமுறைதான் செலவு செய்ய முடியும், அதனால் கேட்டுவிட்டு வாங்க நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை ஃபிட்டர்

அம்மா வெண்ணிலா, அந்தத் தகட்டை மட்டும் வைத்துவிடாதே. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நான் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் (ரயில்பெட்டிப் பணிமனையில்) 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்கோப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. தகட்டு வைத்தியத்தால் கெட்டுப்போன ஸ்கோப்புகளை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். ஒரு தண்டை இரண்டு பேரிங்குகளில் உட்கார வைத்து, ஒன்றை மட்டும் அரை மில்லிமீட்டர் தூக்கினால் தண்டு அழகாகச் சாய்ந்து கொடுக்காது. இரண்டு பேரிங்கின் விளிம்பும் தண்டைக் கடிக்கும். ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம். அதற்குள் இன்னொரு குழாய் உன் கிளிக்குக்கு ஏற்ப மேலும் கீழும் நகர வேண்டும். வெளிக்குழாய் வளைந்தால் உள்ளே இருப்பது நிம்மதியாக நகருமா?

கணக்கும் உதைக்கும். ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், 20 எம்.ஓ.ஏ. சாய்வுக்குப் பின்பக்கம் 0.58 மி.மீ. உயர வேண்டும். டின் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆறு தகடு அடுக்க வேண்டும். அடுக்கிய தகட்டின்மேல் எந்தப் பிடியும் நிலைக்காது.

ரெயில் வாங்கு. சாய்வு ரெயிலிலேயே செதுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் இருக்கும், குழாய் நேராக இருக்கும், மொத்த அமைப்பும் சேர்ந்து முன்பக்கம் குனியும்.

எவ்வளவு சாய்வு என்பதை உன் 76 கிளிக்கே சொல்கிறது. 76 கிளிக் என்றால் 19 எம்.ஓ.ஏ. மொத்தம் 60 என்றால் நடுவிலிருந்து மேலே 30 இருக்க வேண்டும். மீதி 11 எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. உன் ஸ்கோப், துப்பாக்கிக் குழலுக்கு மேலே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒலிவேகத்துக்குக் குறைவாகப் போகும் .22 குண்டு 50 மீட்டருக்குள் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விழுகிறது. இரண்டும் சேர்ந்து 17. அதை 50 மீட்டரில் ஈடுகட்டவே 11, 12 எம்.ஓ.ஏ. செலவாகிவிடும். மவுண்ட் தட்டையாக இருந்தால் அந்தச் செலவு ஸ்கோப்பின் கணக்கில் விழும்.

50 மீட்டர் சுழியத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்படிப்பட்ட குண்டுக்கு ஏறக்குறைய 30 எம்.ஓ.ஏ. வேண்டும். உன்னிடம் 19 இருக்கிறது, 11 குறைகிறது. 200 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. 58 மி.மீ. என்பதால் 64 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். ஆகையால் உன் ஸ்கோப் பொய் சொல்லவில்லை. எனக்கு அதில்தான் முதலில் நிம்மதி.

20 சரிவு போட்டால் மேலே 39 கிடைக்கும், வேலை நடந்துவிடும். 30 போட்டால் 49 கிடைக்கும், கீழே 11 மிஞ்சும், அதுவும் நடக்கும். 40 போடாதே. கீழே ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும், 50 மீட்டரில் சுழியம் வைக்கவே முடியாமல் போகலாம். 25 கிடைத்தால் அதையே எடு. அப்போது 50 மீட்டர் நடுவுக்குக் கீழே 14, 200 மீட்டர் நடுவுக்கு மேலே 16 என்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக உட்காரும். உள்குழாய் வட்டத்துக்குள் நகர்கிறது. மேலே ஒரேயடியாகப் போய்விட்டால் பக்கவாட்டில் காற்றுக்குத் திருப்ப இடம் குறுகும். கடலோரத்துக்காரியான உனக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, குழு தள்ளிப்போவது. இதை ஆராயாமல் புதிதாக எதையும் வாங்காதே. ரிங்கை டவ்டெயிலிலிருந்து கழற்று. பள்ளத்தைக் கவ்வும் ரிங்கின் தாடையில் மார்க்கிங் நீலத்தை (தொட்ட இடத்தைக் காட்டும் சாயத்தை) மெல்லியதாகத் தடவி, மாட்டி, இறுக்கி, மறுபடி கழற்று. பள்ளத்தில் நீலம் பட்டையாகப் பதிந்தால் பிடி சரி. தலைமுடி கனத்தில் கோடாகப் பதிந்தால், தாடையின் கோணம் வேறு, பள்ளத்தின் கோணம் வேறு என்று பொருள். 11 மி.மீ. என்பது அகலத்தைத்தான் சொல்கிறது. கோணம் 45 பாகையாகவும் இருக்கும், 60 பாகையாகவும் இருக்கும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நாமும் கேட்பதில்லை.

நீலம் எப்படிப் பதிந்தது என்று எழுது. வெர்னியர் இருந்தால் முன்லென்ஸ் மணியின் (ஸ்கோப்பின் விரிந்த முன்முனையின்) வெளிவிட்டத்தையும் அளந்து எழுது.

எண்ணூர் குமரன்

வெண்ணிலா அவர்களின் திரியில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இதை ஃபிட்டர் ஐயாவிடம் கேட்டே ஆக வேண்டும். என்னுடையது .177 ஸ்பிரிங் காற்றுத்துப்பாக்கி, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருப்பதால் உரிமம் தேவைப்படாத வகை. வீட்டுப் பின்புறம் 25 மீட்டர் இடம் இருக்கிறது, முடிவில் மண்மேடு. ஸ்கோப் ஒவ்வொரு வாரமும் என் கண்ணை நோக்கி நகர்கிறது. பெயின்ட் கோடு போட்டுப் பார்த்தேன், ஒரு மாதத்தில் 4 மி.மீ. எல்லாரும் ரிங்கை முன்னுக்குத் தள்ளி இறுக்கு என்கிறார்கள். தள்ளினேன். அப்படியும் பின்னால்தான் வருகிறது. .22 வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஆவதில்லையாமே, காற்றுத்துப்பாக்கிக்கு மட்டும் ஏன்?

ராயபுரத்தான், பிரிஸ்பேன்

கல்மண்டபம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே பெல்மான்ட் தளத்தில் எஃப்-டிஆர் என்ற நெடுந்தூரப் போட்டிப் பிரிவில் .308 ரைஃபிள் சுடுகிறேன். ஐயா எழுதியதைப் படித்ததும் ஊர்ப் பட்டறையில் நின்று கேட்டதுபோல் இருந்தது.

1000 கெஜத்தில் எங்கள் கணக்கும் இதேதான், எண்கள்தாம் பெரியவை. 100 கெஜத்தில் சுழியம் வைத்தால் 1000க்கு என் குண்டு ஏறக்குறைய 38 எம்.ஓ.ஏ. கேட்கிறது. 20 சரிவு ரெயில் இல்லாமல் பல ஸ்கோப்புகள் அங்கே எட்டாது. ஒரே துண்டு மவுண்ட் நல்லதா, தனித்தனி ரிங்குகள் நல்லதா என்று இங்கே ஓயாமல் வாதிடுவார்கள். எஃப்-டிஆர் விதிப்படி துப்பாக்கி, ஸ்கோப், இருகால் தாங்கி எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. மவுண்டில் மிச்சமாகும் எடையைக் குழலில் போடலாம் என்பதால் நான் இரண்டு ரிங்குகளையே வைத்திருக்கிறேன். போல்ட் துப்பாக்கியில் நல்ல ரெயில் இருந்தால் ஒரே துண்டு மவுண்டுக்கு வேலையில்லை என்பது என் கருத்து.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பருவம் முழுவதும் என் குழுக்கள் மேலும் கீழுமாகச் சிதறின. ஸ்கோப்தான் காரணம் என்று முடிவுகட்டி, தயாரிப்பாளருக்கு அனுப்பி, எட்டு வாரம் காத்திருந்தேன். குறையொன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பார்த்தால் ரெயிலின் முன் திருகு அரை மரை நீளம் அதிகம். ரெயிலை அழுத்துவதற்கு முன்பே துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது ரெயிலைப் பிடிக்கவே இல்லை. அரத்தால் நுனியைத் தேய்த்தேன். அன்றே சரியாயிற்று. அதற்குள் ஒரு பருவம் போய்விட்டிருந்தது. ஆகையால் ரெயிலைத் திருகால் பூட்டும் எவரும், ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் முடுக்கி, ரெயில் அசைகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, ஸ்கோப்பின் சிலுவைக்கோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்தால் 38 எம்.ஓ.ஏ. ஏற்றத்தில் 0.66 எம்.ஓ.ஏ. பக்கவாட்டில் போகும். 1000 கெஜத்தில் அது 17, 18 சென்டிமீட்டர். எங்கள் இலக்கின் நடு வளையம் அரை எம்.ஓ.ஏ. விட்டம்தான். ஸ்கோப்பில் ஒரு சிறிய ரசமட்டம் பூட்டிக்கொள்ளுங்கள்.

வெண்ணிலா, தண்டையார்பேட்டை

ஐயா, நீலம் தடவிப் பார்த்தேன். இடதுபக்கம் ஓரளவு பட்டையாகப் பதிந்திருக்கிறது. வலதுபக்கம் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடு, அதுவும் பாதி நீளத்துக்குத்தான். கடையில் லென்ஸ் விளிம்பு சட்டத்தில் சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் தேயும். உடனே புரிந்தது.

மணியின் வெளிவிட்டம் 63 மி.மீ. பழைய ரிங்கின் மேல்மூடித் திருகுகளை ஆலன் கீயின் நீளமான பக்கத்தைப் பிடித்து முறுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருகுத் தலைகளில் துரு ஏறியிருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். கோடு விழுந்த குழாயை இனி நம்பலாமா? ரிங் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

கொருக்குப்பேட்டை ஃபிட்டர்

நீளமான பக்கத்தைப் பிடித்து முறுக்கினேன் என்று மறைக்காமல் எழுதினாய் பார், அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது. நானும் அதைச் செய்திருக்கிறேன். சங்கத்துக்கு வந்த புதிதில் ஒரு பையனின் ஸ்கோப் ரிங்குக்குள் வழுக்கியது. ரயில்பெட்டிக்கு போல்ட் முடுக்கிய கை. வழுக்கினால் இறுக்கு என்பதுதான் எனக்குத் தெரிந்த மருந்து. இறுக்கினேன். மறுநாள் அவன் வந்து, தூரத்துக்கு ஏற்பக் கவனம் வைக்கும் பக்கக்குமிழ் திரும்பவில்லை என்று காட்டினான். குழாய் நசுங்கி உள்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய அம்மா நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த ஸ்கோப் அது. மாதாமாதம் என் ஓய்வூதியத்தில் எடுத்துவைத்து வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ரிங்கைத் தொடுவதில்லை. வழுக்கினால் காரணம் தேடு. எண்ணெய் இருக்கும், ரிங்கின் விட்டம் பிசகியிருக்கும், அல்லது இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் இருக்காது. இறுக்கம் ஒருபோதும் மருந்தில்லை.

மேல்மூடித் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும். தயாரிப்பாளர் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வை. இடம், வலம், முன், பின் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார். மூடித் திருகில் மரைப்பசை போடாதே. ஈரப்பசை மரையை வழுக்கலாக்கும். ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், ஆனால் குழாய்மேல் விழும் அழுத்தம் கூடிவிடும். ரெயிலைத் துப்பாக்கியோடு பூட்டும் திருகு வேறு கதை, அதற்கு நீலநிறப் பசை ஒரு சொட்டு வைக்கலாம். ராயபுரத்துத் தம்பி சொன்ன முன் திருகு விஷயத்தை எல்லாரும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்திலேயே இரண்டு பேருக்கு அப்படி நடந்தது.

உனக்கு வேண்டிய ரெயில், 11 மி.மீ. டவ்டெயிலில் முழு நீளத்துக்கும் பிடித்து, மேலே பிக்காட்டினி பற்களோடு (சீரான குறுக்குப் பள்ளங்களோடு) இருப்பது. உன் துப்பாக்கியின் மாடலைச் சொல்லி, அதற்கென்றே செய்ததாகக் கேள். அப்போதுதான் தாடைக் கோணம் பொருந்தும். பிக்காட்டினிப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், நடுவுக்கு நடு 10.01 மி.மீ. என்பது கட்டான அளவு. வீவர் என்று விற்பதில் பள்ளம் 4.57 மி.மீ.தான், இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் ஏறும், ஆனால் உள்ளே ஆட்டம் இருக்கும். ரிங், ரெயில் இரண்டையும் பிக்காட்டினியாகவே வாங்கு.

ரிங்கை ரெயிலில் வைத்தவுடன் முன்னோக்கித் தள்ளி, குறுக்குத் திருகு பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகு முடுக்கு. சுடும்போது துப்பாக்கி பின்னால் போகும், ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். துப்பாக்கியிலிருந்து பார்த்தால் ஸ்கோப் முன்னால் ஓடுவதாகப் பொருள்.

குமரன் தம்பிக்கு இங்கேயே விடை இருக்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கியில் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் துப்பாக்கி முதலில் பின்னால் வரும். பிஸ்டன் முடிவில் போய் இடித்து நின்றதும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுபடும். அந்த இரண்டாவது உதைதான் கொடியது. ஸ்கோப் அங்கேயே நிற்க, துப்பாக்கி அதற்குக் கீழே முன்னால் நழுவுகிறது. அதனால்தான் உன் கண்ணை நோக்கி வருகிறது. உன் துப்பாக்கி மேற்பகுதியில் சிறிய குழி இருக்கும், பார். பின் ரிங்கின் அடியில் நிறுத்தாணி உள்ள மவுண்டாக வாங்கி, ஆணியை அந்தக் குழிக்குள் இறக்கு. குழலை மடக்கிக் குண்டு போடும் வகை என்றால் குழலே சற்றுக் கீழ்நோக்கி நிற்கும், அதற்கும் சேர்த்துச் சரிவு தேவைப்படலாம். .22க்கு இந்த இரட்டை உதை கிடையாது.

உயரத்துக்கு வருவோம். மணி 63 என்றால் பாதி 31.5. குழலுக்கும் மணிக்கும் நடுவே 2 மி.மீ. காற்று போக வேண்டும். ரெயில் முன்னால் குனிவதால் இன்னொரு மி.மீ. சேர்த்துக்கொள். 34.5. ரெயிலைப் பூட்டியபின் அதன் மேல்முகம் குழலின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதை இதிலிருந்து கழி. 14 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 20.5 மிஞ்சும். ரெயில் மேல்முகத்திலிருந்து குழாயின் நடுக்கோடு வரை அதற்குக் குறையாத ரிங் வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். சிலர் உயரத்தைக் குழாயின் நடுக்கோடு வரை எழுதுகிறார்கள், சிலர் குழாயின் அடி வரை எழுதுகிறார்கள். 30 மி.மீ. குழாயில் இரண்டுக்கும் வித்தியாசம் 15 மி.மீ. இதில் ஏமாந்து, கோபுரம்போல ரிங் வாங்கி வந்து நின்றவர்கள் உண்டு. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது பின்லென்ஸில் இடிக்கிறதா என்றும் பார்.

தாழ்வாக இருந்தால்தான் நல்லது என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வை, பிறகு கண்ணைத் திற. படம் முழு வட்டமாகத் தெரிந்தால் அதுவே உன் உயரம். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால், ரிங்கை மாற்றுவதற்கு முன் கன்னத் தாங்கியை உயர்த்திப் பார்.

சிலுவைக்கோட்டை நிமிர்த்த ரசமட்டம் தேவையில்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். துப்பாக்கியை அசையாமல் பூட்டி மட்டம் பார்த்து வை. 30, 40 மீட்டர் தள்ளி வெள்ளை நூலில் குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப் வழியே நூலோடு கோட்டைப் பொருத்து. நம் பக்கத்தில் பிற்பகலானால் காசிமேட்டுக் காற்று நூலை ஆட்டும். குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடு, ஆட்டம் அடங்கிவிடும். உன் 200 மீட்டரில் ஒரு பாகைச் சாய்வுக்கு 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும். ஒரே தூரத்தில் எப்போதும் ஒரே மாதிரி சாய்த்துப் பிடித்தால் அது சுழியத்திலேயே அடங்கிவிடும். ஒவ்வொரு சுடுதலுக்கும் சாய்வு மாறினால்தான் ஆபத்து. தம்பி சொன்ன ரசமட்டம் அங்கே உதவும்.

குழாயின் கோட்டுக்கு மேல் நகத்தை ஓட்டிப் பார். பூச்சு மட்டும் போயிருந்தால் நகம் தடுக்காது. தடுத்தாலும் உடனே தூக்கி எறியாதே, சோதித்துப் பார். புதிய ரெயில், ரிங் எல்லாம் பூட்டி, போல்ட்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியைச் சங்கத்து வைஸில் ரப்பர் வைத்துப் பிடி. சரியாக 50 மீட்டரில் அளவுநாடாவைச் செங்குத்தாகத் தொங்கவிடு. 160 கிளிக் திருப்பினால் கோடு 58.2 சென்டிமீட்டர் நகர வேண்டும். திரும்பி வரும்போது புறப்பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். பத்து தடவை போய் வந்து பார்.

துருவுக்கு: நீ இருப்பது கடலிலிருந்து கூப்பிடு தூரம். எஃகுத் திருகும் அலுமினிய ரிங்கும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு வேகமாக வரும். வெளியே எண்ணெய்த் துணியால் துடை. ரிங்கின் உள்வட்டத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுக் குழாயை வை.

எண்ணூர் குமரன்

குழி இருக்கிறது ஐயா! மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், அழுக்கு அடைத்துக்கொண்டு இருந்ததால் கண்ணில் படவே இல்லை. ஊசியால் சுரண்டி எடுத்தேன். நிறுத்தாணி மவுண்ட் சொல்லியாயிற்று.

வெண்ணிலா, தண்டையார்பேட்டை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொருள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது.

என் மாடலுக்கென்றே செய்த 25 எம்.ஓ.ஏ. ரெயில் கிடைத்தது. பூட்டுவதற்கு முன் நீலம் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் பட்டையாகப் பதிந்தது. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ரெயில் மேல்முகம் குழலிலிருந்து 13.5 மி.மீ. இருந்தது. நடுக்கோடு வரை 25 மி.மீ. உள்ள ரிங் வாங்கினேன். கடைக்காரரிடம் எதிலிருந்து எது வரை என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து, வெர்னியரை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மாடியில் துணி காயப்போடும் கம்பியில் தூக்குக்குண்டு கட்டினேன். தெருக்கோடி வரை 30 மீட்டர் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் துப்பாக்கியைத் தெருவில் காட்ட முடியாது. எனவே சங்கத்திலேயே வாளித் தண்ணீரோடு செய்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் தங்கள் ஸ்கோப்பையும் சரிபார்த்துத் தரச் சொல்லி வரிசையில் நின்றுவிட்டார்கள்.

குழாய்க் கோட்டில் நகம் தடுக்கவில்லை. 160 கிளிக்குக்கு நாடாவில் 57.9 காட்டியது. பத்து தடவையும் திரும்பிவந்து அதே கோட்டில் நின்றது.

50 மீட்டர் சுழியம் வைத்தபின் மேலே 174 கிளிக் மீதி இருக்கிறது. போன ஞாயிறு காலை, காற்று எழுவதற்கு முன், 200 மீட்டரில் 118 கிளிக் ஏற்றி, மேலே ஒட்டிய கறுப்புப் பொட்டைக் கிழித்துவிட்டு, நடுவையே குறிபார்த்தேன். ஐந்து குண்டு, 9 சென்டிமீட்டருக்குள், நடுவிலிருந்து இரண்டு விரல் இடப்பக்கம். அந்தக் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு சங்கத்துக்கு எடுத்து வருகிறேன் ஐயா.

கொருக்குப்பேட்டை ஃபிட்டர்

118 கிளிக் என்றால் 29.5. கணக்கு ஒத்துவருகிறது.

காகிதத்தைக் கட்டாயம் எடுத்து வா. வருவதற்கு முன் ரிங்கின் விளிம்பை ஒட்டிக் குழாய்மேல் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வை, ரெயிலில் ரிங் உட்கார்ந்த பள்ளத்தின் எண்ணையும் குறித்துக்கொள். 100 குண்டு சுட்ட பிறகு கோடு நகர்ந்திருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். அந்தப் பழைய ரிங்குகளையும் கொண்டு வா, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வலதுபக்கத் தாடையைக் காட்ட வேண்டும்.